ஒற்றை வயரைப் பிடித்துப் பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் தேசப்பன் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைத்தான் அதிகம் பார்த்தார். காபி டம்ளரைக் கையில் வாங்கினார், ஒரு வாய் குடித்தார், எழுந்து போய் போர்டுக்குக் கீழே குனிந்து நின்றார். "மாமா, எர்த் வயர் எங்கியும் போவலியே, சொம்மா தொங்கிக்கினு கீது" என்றார். மாப்பிள்ளையாக எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். எங்கப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அடுப்படிக்கு ஓடினேன். இந்த ஆளோடு காலம் தள்ள முடியுமா என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் சிரித்துத் தொலைத்தேன். இருபது வருஷம் ஆகிறது.

அவருக்கு ஊர் ஆரம்பாக்கம். அவருடைய அப்பா மணவாளன் ஐயா வீட்டு நெல் வயலில் கூலி வேலை செய்தவர். இவர் ஐடிஐ படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான். காலையில் ரயில், சாயங்காலம் ரயில், இரண்டு நேரமும் நின்றுகொண்டுதான் போவார். சட்டைப் பையில் லைன் டெஸ்டர், பேன்ட் பையில் மடக்குக் கத்தி, தோள் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் டாங் டெஸ்டர். டாங் டெஸ்டர் என்றால் நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து மூடும் ஒரு மீட்டர். வயரை வெட்டவே வேண்டாம். அதன் வாய்க்குள் விட்டு மூடினால் எத்தனை ஆம்பியர் கரண்டு ஓடுகிறது என்று நம்பர் காட்டிவிடும். சம்பளத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

மனுஷன் எதையும் நம்பமாட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக் கல்பனா ஒரு நாள் ரயிலில் விற்றவனிடம் ஒரு டப்பா வாங்கி வந்தாள். பிளக்கில் செருகி வைத்தால் கரண்டு பில் பாதியாகிவிடுமாம். பச்சை விளக்கு வேறு அழகாக எரிந்தது. தெருவே வந்து பார்த்தது. இவர் வேலை முடிந்து வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு கட்டைவிரல் அளவு கெபாசிட்டர், அந்தப் பச்சை விளக்கு, அடியில் கனத்துக்காக ஒட்டி வைத்த மண் கட்டி. "இந்த லைட் எரியறதுக்கே நீதான் பில்லு கட்டிக்கினு கீற கல்பனா" என்றார். கல்பனா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. விற்றவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. எல்லாக் கோபமும் திறந்து காட்டியவர்மேல்தான்.

நானும் ஆசைப்பட்டிருக்கிறேன், பொய் சொல்வானேன். ஒரு புழுக்கமான நாளில், கரண்டு இல்லாத நேரத்தில், போனில் ஒரு வீடியோ வந்தது. நாலு காந்தத்தை ஒட்டி வைத்தால் ஃபேன் தானாகவே சுற்றுகிறது. கரண்டும் இல்லை, பாட்டரியும் இல்லை. "ஐயோ, இதை ஒண்ணு செஞ்சி குடுங்களேன்" என்றேன். அவர் விசிறிக்கொண்டே பார்த்தார்.

"மேஜைக்குக் கீழ காட்டச் சொல்லு."

"காட்டலியே."

"காட்ட மாட்டான். அங்கதான் பாட்டரி கீது." பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "குடத்துல கீற தண்ணிய சொம்புல ஊத்தி, சொம்புத் தண்ணிய திருப்பிக் குடத்துல ஊத்தி, இப்டியே ஊத்திக்கினு இருந்தா தண்ணி பெருகுமா? கை வலிக்கும், பாதி கீழ சிந்தும். அவ்ளோதான் செண்பகம்."

எல்லாம் சரி. ஆனால் அந்தப் புழுக்கத்தில் எனக்கு வேண்டியது பாடமா? "ஆமா, நல்லாத்தான் கீது" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் எப்போதும் சண்டைதான்.

இனி லோகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோகு அவருடைய தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது மாமனார் மாமியார் இரண்டு பேருமே இல்லை, லோகு ஐடிஐ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் படித்த அதே எலக்ட்ரீஷியன் படிப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் "அண்ணி, இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் நுழைகிற குரல் ஒன்றுதான் இருந்தது. முருங்கைக்காய் போட்ட காரக்குழம்பு என்றால் தட்டைவிட்டு எழவேமாட்டான். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவார்கள், ஒரே மில்லில் வேலை. அண்ணன் சந்தேகப்பட்டுப் பட்டே வளர்ந்தார் என்றால், இவன் ஆசைப்பட்டுப் பட்டே வளர்ந்தான். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் என் வீட்டில் பட்டிமன்றம்தான். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் லோகுவுக்கு ஒரு மிஷின் பைத்தியம் பிடித்தது. ஒரு மோட்டார், அது சுற்றிவிடும் பெரிய இரும்புச் சக்கரம், சக்கரம் சுற்றிவிடும் ஒரு ஜெனரேட்டர். மோட்டாரை வீட்டு லைனில் செருகினால் போதும், சக்கரத்தின் வேகத்திலேயே ஓடும், வீட்டுக் கரண்டை இழுக்கவே இழுக்காது, ஆனால் ஜெனரேட்டரிலிருந்து வேண்டிய அளவு கரண்டு எடுக்கலாம் என்றான். நம்மூரில் விவசாயத்துக்குக் கரண்டு இனாம்தான். ஆனால் பம்ப்செட்டுக்குக் கனெக்‌ஷன் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். மணவாளன் ஐயா வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தார். டீசல் ஊற்றி ஊற்றி அவருக்குக் கை ஓய்ந்து போயிருந்தது. லோகு சொன்னதைக் கேட்டதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவரோடு இன்னும் நாலைந்து பேர் காசு கொடுத்து வாங்கத் தயாரானார்கள்.

ஆயுதபூஜை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவதாக லோகு சொன்னான். சிப்காட் முழுக்க அன்றைக்கு மிஷின்கள் நிற்கும், மாலை போட்டு, பொரி கொடுத்து, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் காலையிலேயே பலகை போட்டு, கத்தி, கட்டிங் பிளேயர், டாங் டெஸ்டர் எல்லாவற்றையும் துடைத்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டாகிவிட்டது. வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. அவருடைய அப்பா காலத்தில் மண்வெட்டியும் கதிர் அரிவாளும் இருந்த அதே பலகை அது. எதையும் நம்பாத என் வீட்டுக்காரர் இதை மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. "அதுவும் நம்ம கூட வேலை செய்யுது இல்ல, ஒரு நாள் லீவு வாணாமா" என்பார்.

எங்கள் தெருவில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். மிஷின் ஓடியது. சக்கரம் ஹோவென்று சுற்ற, வரிசையாக எட்டு குண்டு பல்பு எரிந்தது. லோகு தன்னுடைய டாங் டெஸ்டரை எடுத்து, லைனிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கறுப்பு கேபிளைக் கவ்விப் பிடித்தான். மீட்டரில் சைபர். ஜனம் "ஹே!" என்று கத்தியது. நானும் கத்தினேன். லோகு அண்ணனைத்தான் பார்த்தான். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். கூட்டத்தில் வேறு யார் கத்தியதும் அவன் காதில் ஏறவில்லை.

இவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். சந்தனம் காயாத கத்தியை எடுத்தார்.

"இன்னா பண்றீங்க? இன்னிக்கி அதைத் தொடலாமா?"

"அவன் கேபிள முழுசாப் புடிக்கிறான் செண்பகம். உள்ள போற வயரும் கீது, திரும்பி வர்ற வயரும் கீது. ரெண்டையும் சேத்துப் புடிச்சா ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு சைபர்தான் காட்டும். பத்து ஆம்பியர் ஓடுனாலும் சைபர்தான். மேல்தோலக் கிழிச்சி, ஒத்த வயர வெளிய எடுத்து, அதை மட்டும் புடிக்கணும்."

"சாயந்திரம் தனியா சொல்லுங்க. காலில வுழறேன்."

"சாயந்திரத்துக்குள்ள மணவாளன் ஐயா டப்பு குடுத்துருவாரு."

அதுவும் நியாயம்தான், மறுக்கவில்லை. போனார். சுவிட்சை அணைத்தார், கேபிளின் தோலைக் கிழித்தார், ஒரு வயரை மட்டும் வெளியே இழுத்தார், சுவிட்சைப் போட்டார், லோகுவின் மீட்டராலேயே பிடித்துக் காட்டினார். அஞ்சு புள்ளி நாலு ஆம்பியர். எட்டு பல்பு எரிவதற்கு வேண்டியதைவிட எவ்வளவோ அதிகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: "ஐடிஐல மொத வாரம் சேந்தவன்கூட இந்தத் தப்ப பண்ண மாட்டான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பொரி தின்றுகொண்டே சிரித்தார்கள், பாவிகள்.

மறுநாள் காலையில் லோகு இல்லை. துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மில்லிலும் கணக்கை முடித்துக்கொண்டானாம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, அங்கேயே ஒரு ஷெட்டில் வாசம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் நம்பர் இரண்டையும் தடுத்து வைத்துவிட்டான். துபாய்க்கா போனான்? அமெரிக்காவுக்கா? கும்மிடிப்பூண்டி போய் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் தூரம். அந்தத் தூரத்தை நாலு வருஷம் இரண்டு பேராலும் தாண்ட முடியவில்லை. கடல் கடந்து போனவனுக்காக ஏங்குவதற்காவது ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு பஸ் தூரத்துக்கு ஏங்குவதை வெளியில் சொல்லவும் வெட்கம்.

அவர் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. வழக்கம் போல மில், ரயில், சோறு. ஆனால் லோகுவின் போன் சார்ஜர் ஹாலில் பிளக்கில் தொங்கிக்கொண்டே இருந்தது. நான் ஒரு நாள் துடைக்கும்போது கழற்றி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி பிளக்கில் இருக்கிறது. ஒரு சுவிட்சைத் தேவையில்லாமல் போட்டு வைத்தாலே என்னை வையும் மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமைகளில் "மில்லுல ஓவர்டைம்" என்று கிளம்புவார். ஒரு நாள் பேன்ட் துவைக்க எடுத்தபோது பையில் பஸ் டிக்கெட்டுகள். தேர்வாய் கண்டிகை போக ஒன்று, வர ஒன்று. பழைய மடிப்புக்குள் நனைந்து ஒட்டிப்போன டிக்கெட்டுகள் இன்னும் இருந்தன. அவர் வந்ததும் கேட்டே விட்டேன்.

"பாத்தீங்களா அவன?"

"எதிர்ல ஒரு டீக்கடை கீது. அங்க உக்காந்தா அவன் ஷெட்டு தெரியும்."

"போய்ப் பேச வேண்டியதுதானே?"

"இன்னான்னு பேசறது? நான் சொன்னது தப்பில்லியே."

"சொன்னது தப்பில்ல. சிரிக்க வெச்சீங்களே, அது?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கண் கலங்கினால் வெளியே போய்விடுவார், அது எனக்குத் தெரியும்.

இன்னொரு கூத்தும் கண்டுபிடித்தேன். லோகு யூடியூபில் தன் மிஷினை வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். என் வீட்டுக்காரர் வேறு பெயரில் சேர்ந்து, ஒவ்வொரு வீடியோவையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் லைக் போட்டு வைத்திருந்தார். யார்? கல்பனாவின் டப்பாவைத் திறந்த அதே ஆள்! சக்கரம் பெரிதாகிக்கொண்டே போனது, பல்பு கூடிக்கொண்டே போனது, மீட்டர் மட்டும் எப்போதும் தடித்த கேபிளை முழுசாகக் கவ்விக்கொண்டு சைபர் காட்டியது. இவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவேயில்லை. "கை இளைச்சிட்டான் பாரேன்" என்றார். "அந்தச் சட்ட நான் வாங்கிக் குடுத்தது" என்றார். கீழே கருத்து எழுதும் இடத்தில் "சாப்டியா" என்று எழுதுவார், அழிப்பார். ஒரு தடவைகூட அனுப்பவில்லை.

போன ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் முன்னால் மணவாளன் ஐயா வீட்டுக்கு வந்தார். இன்னும் கனெக்‌ஷன் வரவில்லை அவருக்கு. தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தேசப்பா, ஒந்தம்பி மிஷினப் பெரிசா செஞ்சிருக்கானாம். ஆயுதபூஜ அன்னிக்கி ஓட்டிக் காட்றான். நாலு பேரு வாங்கறதுக்கு ரெடியா கீறாங்க, நானும்தான். ஆனா நீ வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்னு சொல்லிட்டேன். அவனும் அதையேதான் சொல்றான். எங்கண்ணன் வந்து பாக்கட்டும்ங்கறான்."

"அவனா சொன்னான்?" என்றார் இவர்.

"அவன்தான் நைனா. ரெண்டு வாட்டி சொன்னான்."

மணவாளன் ஐயா போனதும் நான் இவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு மணவாளன் ஐயாவின் காசு கண்ணிலேயே படவில்லை. அவர் வயல் காய்ந்தால் என்ன, ஏமாந்தால் என்ன என்று இருந்தது. பாவம்தான். சாப்பிட ஆள் வராத ஒரு தட்டை நாலு வருஷம் கழுவிக் கழுவி எடுத்து வைத்திருந்தால் தெரியும், அப்படித்தான் ஆகும் மனசு.

"அவன் கூப்ட்டுட்டான். வழி வுட்டுட்டான். இந்த ஒரு வாட்டி ஓடுதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த. நம்ப புள்ள ஊட்டுக்கு வந்துருவான்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. "ஓடுச்சின்னா நல்லாத்தான் இருக்கும் இல்ல?" என்றார். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

ஆயுதபூஜை அன்றைக்கு விடியலிலேயே பலகை போட்டோம். அவர் கத்தியைத் துடைத்தார், டாங் டெஸ்டரைத் துடைத்தார், சந்தனம் இட்டார், கற்பூரம் காட்டினார். பிறகு வெறும் கையோடு "போலாமா?" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் பேன்ட் பையைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பஸ் நிற்கும் வரைக்கும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெட் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மிஷினுக்கு மாலை. அதன் முன்னால் ஒரு தட்டில் லோகுவின் கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும், பொட்டு வைத்து. லோகு அண்ணனைப் பார்த்தான். "வாண்ணா" என்றான். என்னைப் பார்த்து, "வாங்க அண்ணி." அவ்வளவுதான். முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மணவாளன் ஐயா, வாங்க வந்தவர்கள், சுற்று வட்டாரத்து ஆட்கள் என்று இருபது பேர் இருப்பார்கள். மிஷின் ஓடியது. சக்கரம் ஆள் உயரம். இருபது பல்பு பளிச்சென்று எரிந்தது. லைனிலிருந்து வந்த தடித்த கேபிள் தரையில் பாம்பு மாதிரி கிடந்தது, பக்கத்திலேயே மீட்டர். லோகு அதைத் தொடவில்லை. எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.

"நீயே பாருண்ணா."

எல்லோரும் இவர் கை பேன்ட் பைக்குப் போவதற்காகக் காத்திருந்தார்கள். மணவாளன் ஐயா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் மீட்டரை வாங்கினார். குனிந்தார். மீட்டரின் வாயைத் திறந்து, தடித்த கேபிளை அப்படியே முழுசாகக் கவ்விப் பிடித்தார்.

"சைபர்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "கரண்ட இழுக்கல. ஓடுது. வாங்கிக்கலாம்."

ஜனம் கை தட்டியது. மணவாளன் ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். நான் லோகுவைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், கேபிளை முழுசாகப் பிடித்திருந்த அந்தக் கையை.

"அண்ணா, கத்தி எங்க?"

"ஊட்ல, பலகையில. இன்னிக்கித் தொடக் கூடாது இல்ல."

"அன்னிக்கித் தொட்டியே."

இவர் தலையைத் தூக்கவில்லை. "அன்னிக்கித் தொட்டது தப்புடா" என்றார்.

லோகு போய் சுவிட்சை அணைத்தான். பல்புகள் மங்கி மங்கி அணைந்தன, சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து தன் கத்தியை எடுத்தான். குங்குமம் அவன் விரலில் ஒட்டியது. தரையில் உட்கார்ந்து கேபிளின் தோலைக் கிழித்தான், ஒரு வயரை மட்டும் வெளியே இழுத்தான். எழுந்து சுவிட்சைப் போட்டான். அண்ணன் கையிலிருந்த மீட்டரை வாங்கி, அந்த ஒற்றை வயரைப் பிடித்தான்.

"ஒம்போது புள்ளி ரெண்டு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். "ஐயா, வாங்காதீங்க. இது கரண்ட எடுக்குது. குடுக்கறதவிட அதிகமா எடுக்குது."

யாரும் சிரிக்கவில்லை. மணவாளன் ஐயா முதலில் மீட்டரைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தேசப்பா, நீயா? ஒன்ன நம்பித்தானே வந்தேன்" என்றார். இவர் கைகூப்பி நின்றார். "நான்தான் ஐயா சொல்லச் சொன்னேன்" என்று கத்தினேன். மணவாளன் ஐயா என்னைப் பார்த்துவிட்டு, "போம்மா" என்று மட்டும் சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த முகம் இப்போதும் எனக்கு உறுத்துகிறது. பின்னாலேயே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேர்தான். லோகு சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. நீ கிழிச்சிக் காட்டுன அன்னிக்கே. நாலு வருஷமா ஒத்த வயர நான் புடிச்சே பாக்கல. பாத்தா எல்லாம் முடிஞ்சிரும்னு பயம். இன்னும் கொஞ்சம் பெரிய சக்கரம், இன்னும் கொஞ்சம்னு போய்க்கினே இருந்தேன். என்னால நிறுத்த முடியல. அதுக்கோசரம்தான் ஒன்ன இட்டாரச் சொன்னேன். நீ வந்தா கிழிச்சிருவ, அத்தோட வுட்ரலாம்னு."

கேபிளில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை வயரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒருத்தன்தான்ணா பொய் சொல்லாத ஆளு. நீயும் சொன்னா, நான் அப்பால யாரப் போய்க் கேப்பேன்?" என்றான் லோகு. "எனக்கோசரம் பொய் சொல்றியே. வாணாம்ணா."

என் வீட்டுக்காரர் வெளியே போகவில்லை. கண் கலங்கினால் வெளியே போகிறவர், அங்கேயே தம்பி முன்னாலேயே உட்கார்ந்து அழுதார். "அன்னிக்கி அந்த வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றார். "அளவு சரிதான். வார்த்ததான் தப்பு." லோகு தலையை ஆட்டினான். நானும் சேர்ந்து அழுதேன், கூடவே இரண்டு பேரையும் திட்டினேன். நாலு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் திட்டினேன். "ரெண்டு பேரும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு நிக்கிற சைபருங்க" என்று கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்று யாருக்குத் தெரியும்.

கொஞ்சம் அடங்கியதும் இவர் அங்கே கிடந்த இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். கிழித்த கேபிளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஒரு முனையை லோகு பிடித்துக்கொண்டான். முழுசாகச் சுற்றி முடித்ததும் லோகுதான் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, ஊட்ல இன்னா கொழம்பு?"

வீட்டில் காலையில் கும்பிட்ட பொரியும் சுண்டலும்தான் இருந்தது. அடுப்பையே பற்ற வைக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் யார் சமைத்தார்கள்?

"முருங்கைக்கா போட்டு காரக்கொழம்பு வெச்சிருக்கேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதையும் சும்மா விடாத அந்தப் பார்வை. பிறகு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆமாடா" என்றார். "காலையிலயே வெச்சிட்டா."

கும்மிடிப்பூண்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், அண்ணனையும் தம்பியையும் முன்னால் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டு, நான் பின்தங்கி நின்று அரை டஜன் முருங்கைக்காய் வாங்கினேன்.